கையடக்க லேசர்: ஒரு வாட் ஏன் இவ்வளவு பெரிது?

யூடியூபில் இந்த மாதிரிக் காணொளியைப் பார்க்காத பையன்கள் குறைவு. டார்ச் லைட் அளவில் ஓர் அலுமினியக் குழாய். பொத்தானை அழுத்தியதும் இருட்டில் நீலக் கோடு ஒன்று பாயும். கறுப்பு பலூன் வெடிக்கும், தீக்குச்சி பற்றும், மரப்பலகையில் புகை கிளம்பும். கீழே 'வீட்டிலேயே செய்யலாம்' என்று ஒரு வரி இருக்கும். எங்கள் புளோக்கில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் அதை லிஃப்டில் காட்டி, "அண்ணே, இது நெஜமா? சிம் லிம் டவர்ல சாமான் வாங்கிச் செஞ்சிடலாமா?" என்று கேட்டார்.

நிஜம்தான். உள்ளே இருப்பது லேசர் ஒளியைத் தரும் ஒரு டயோடு என்ற சிறு மின்பொருள், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் சர்க்யூட், ஒரு லென்ஸ், சூட்டை வாங்கிக்கொள்ள ஓர் உலோக உடம்பு, ஒரு பேட்டரி. அவ்வளவே. சால்டரிங் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை கிடையாது. செய்யலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு லிஃப்ட் பத்தாவது மாடி போய்ச் சேருவதற்குள் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை. எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். பள்ளிக் கணக்கு போதும்.

வாட் என்னும் எண் ஏமாற்றும்

முதலில் ஒரு புதிர். அடுப்படியில் எரியும் எல்இடி பல்பு 9 வாட். அதை அண்ணாந்து பார்த்தால் கண் கூசும், அதோடு சரி. லேசர் 1 வாட் என்றால் பல்பைவிடச் சின்னதாகத்தானே இருக்க வேண்டும்? பிறகு ஏன் அது தீக்குச்சியைப் பற்றவைக்கிறது?

வாட் என்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் போகிறது என்பதைத்தான் சொல்கிறது. அது எத்தனை சதுர மில்லிமீட்டரில் போய் விழுகிறது என்பதைச் சொல்வதில்லை. பல்பின் ஒளி அறை முழுக்கச் சிதறிவிடுகிறது. லேசரின் ஒளியோ ஒரே திசையில் போகிறது. அதோடு, மிகமிகச் சிறிய புள்ளியாகக் குவியவும் அதனால் முடியும். இந்த இரண்டாவது குணத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரின் உச்சி வெயில், மேகம் இல்லாத நேரத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிவாட். இப்போது 1 வாட் லேசரை லென்ஸ் வழியாக 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியாகக் குவிக்கிறோம். அந்தப் புள்ளியின் பரப்பு 0.03 சதுர மில்லிமீட்டர். வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 32 வாட் வருகிறது. உச்சி வெயிலைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். தீக்குச்சி பற்றாமல் என்ன செய்யும்!

குவிக்காமல், 4 மில்லிமீட்டர் அகலக் கதிராக அப்படியே விட்டாலும் வெயிலைப்போல் 80 மடங்கு இருக்கும். அதனால் லேசரைப் பற்றி யாராவது வாட் கணக்கில் பெருமையடித்தால், 'எவ்வளவு பரப்பில்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது.

டயோடு: பழைய புரொஜெக்டரிலிருந்து வந்த விருந்தாளி

லேசர் ஒளி பிறக்கும் விதத்தை ஐன்ஸ்டைன் 1917-லேயே எழுதிவிட்டார். ஆற்றல் ஏற்றப்பட்ட ஓர் அணுவின் அருகே சரியான நிறமுள்ள ஒளித்துகள் ஒன்று போனால், அந்த அணுவும் அதே நிறத்தில், அதே திசையில், அதே அலைவரிசையில் இன்னொரு துகளை வெளியிடும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் ஆளுக்கொரு பேச்சாக நிற்கும் கூட்டம், காவடி நெருங்கி ஒருவர் 'வேல் வேல்' என்று எடுத்துக்கொடுத்ததும் ஒரே அடியில் விழுந்துவிடுகிறதல்லவா, கிட்டத்தட்ட அதுதான். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருபுறமும் உள்ள கண்ணாடிகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடிப் பெருகி, ஒரு பக்கம் வழியாக வெளியே வருகிறது.

தியடோர் மைமன் 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் ஒரு மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரை எரியவைத்தார். இரண்டே ஆண்டில், 1962-ல், ராபர்ட் ஹால் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் அதைக் குறைகடத்திக்குள் (செமிகண்டக்டர்) கொண்டுவந்தார். நம் கையடக்க லேசரின் பாட்டன் அதுதான். நீலம் மட்டும் வெகுகாலம் வரவில்லை. காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் பழுதில்லாமல் வளர்க்கத் தெரியவில்லை. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1990களின் நடுவில் அதைச் சாதித்தார். நீல எல்இடிக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 2014-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

பொழுதுபோக்காக லேசர் செய்பவர்கள் இந்த வரலாற்றின் ஓரத்தில் வருகிறார்கள். அவர்கள் டயோடைக் கண்டுபிடித்ததில்லை, கழற்றி எடுத்தார்கள். டிவிடி எழுதும் கருவியிலிருந்து 650 நானோமீட்டர் சிவப்பு, புளூ-ரே கருவியிலிருந்து 405 நானோமீட்டர் ஊதா. (ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால், நானோமீட்டரில் சொல்வது வழக்கம்.) பிறகு 2010-ல் காசியோ நிறுவனம் பல்பு இல்லாத புரொஜெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் 445 நானோமீட்டர் நீல டயோடுகள் கொத்தாக இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 வாட் தரக்கூடியது. அதுவரை மில்லிவாட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆண்டோடு வாட்டில் பேச ஆரம்பித்தார்கள்.

டயோடைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். 5.6 அல்லது 9 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் உலோகத் தொப்பி, நடுவே கண்ணாடிச் சாளரம், பின்னால் இரண்டு மூன்று கால்கள். தொப்பிக்குள் மணல் பருக்கை அளவில் ஒரு சில்லு. ஒளி வெளிவரும் வாய் ஒரு பக்கம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர்தான். முடியின் தடிமனில் அது எழுபதில் ஒரு பங்கு.

மின்சாரத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் இந்த டயோடு முதலில் மங்கலாக, சாதாரண எல்இடியாகத்தான் ஒளிரும். ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்தைத் தாண்டியதும் சட்டென்று குணம் மாறி லேசராகிவிடும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு கூட்டும் ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் ஒளி நேர்க்கோட்டில் ஏறும். ஏறிக்கொண்டே போகலாமா என்றால், முடியாது. ஓரளவுக்குமேல் அந்த 1 மைக்ரோமீட்டர் வாய் தன் ஒளியிலேயே உருகிப்போகும். கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம், நானோவிநாடிகளில் முடிந்துவிடும் காரியம் அது. பிறகு அது விலையுயர்ந்த எல்இடி.

ஆம்பியரைக் காக்கும் காவலாளி

டயோடை நேரே பேட்டரியில் மாட்டினால் என்ன என்று எல்லாருக்கும் தோன்றும். நீல டயோடுக்கு 4 முதல் 5 வோல்ட் வேண்டும். 18650 என்ற லித்தியம் செல் நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட், வடியும்போது 3 வோல்ட்டை நெருங்கும். பொருந்தாது. அது கிடக்கட்டும், அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டயோடு சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்ட் குறையும். வோல்ட்டை மாற்றாமல் வைத்திருந்தால் மின்னோட்டம் கூடும், கூடினால் இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் கூடும். இந்த வட்டத்தின் முடிவில் டயோடு போய்விடும்.

அதனால் டிரைவர் சர்க்யூட்டின் வேலை வோல்ட்டைப் பார்ப்பதில்லை. ஆம்பியரை அசையாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. பேட்டரி நிரம்பியிருந்தாலும் வடிந்தாலும், டயோடு குளிர்ந்திருந்தாலும் கொதித்தாலும், சொன்ன ஆம்பியரைத் தாண்டவிடாது. நல்ல டிரைவர் பொத்தானை அழுத்தியதும் மின்சாரத்தை ஒரேயடியாக விடாமல் மெல்ல ஏற்றும். அந்த முதல் துள்ளலில் செத்துப்போகும் டயோடுகள் ஏராளம். நம் விரல் நுனியிலிருந்து பாயும் நிலைமின்னூட்டமும் அப்படித்தான். கதவுக் கைப்பிடியைத் தொட்டு லேசாக ஷாக் அடிக்கும் அளவுக்குக்கூட வேண்டாம், நமக்கு உணரவே உணராத அளவே போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது குறைவு என்று நம்பி ஏர்கான் அறையில் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. அதற்கென்று மணிக்கட்டில் கட்டும் பட்டை இருக்கிறது.

சூடு

காணொளிகளில் காட்டாத பகுதி இது. யாரும் பலூனை வெடித்துவிட்டுக் குழாயைத் தொட்டுப்பார்ப்பதில்லை.

ஒரு நீல டயோடுக்கு 3 ஆம்பியர், 4.5 வோல்ட் கொடுக்கிறோம் என்று வையுங்கள். உள்ளே போவது 13.5 வாட். நல்ல டயோடு அதில் மூன்றில் ஒரு பங்கை ஒளியாக்கும். 4.5 வாட் ஒளி போனால் மீதி 9 வாட் சூடு. அது மணல் பருக்கை அளவுச் சில்லிலிருந்து செம்புக் கூட்டுக்கும், கூட்டிலிருந்து அலுமினிய உடம்புக்கும் இறங்க வேண்டும். 100 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி ஏற்ற 90 ஜூல் போதும். 9 வாட் விழுந்தால் பத்து விநாடிக்கு ஒரு டிகிரி, நிமிடத்துக்கு ஆறு. காற்றுக்குப் போகும் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் 30 டிகிரி. குளிர்நாட்டில் 15 டிகிரியில் தொடங்குபவருக்கு அது 45. நமக்குத் தொடக்கமே 31, ஆகவே 61. உள்ளே இருக்கும் சில்லு அதைவிடச் சூடு. சூடு ஏற ஏற லேசராக மாறும் எல்லையும் மேலே போய், அதே ஆம்பியருக்கு ஒளி குறைந்துகொண்டே வரும்.

கையடக்க லேசர்களில் '30 விநாடி எரி, ஒரு நிமிடம் ஓய்வு' என்று எழுதியிருப்பது இதனால்தான். பெரிய வெட்டும் எந்திரங்களில் தண்ணீர் ஓடும், காற்றாடி சுழலும். கையில் பிடிக்கும் குழாயில் இரண்டுக்கும் இடமில்லை. என்னைக் கேட்டால், அதிக வாட்டைக் கையடக்கமாகச் செய்வதே பொறியியல் கண்ணோட்டத்தில் கொஞ்சம் அடம்தான்.

லென்ஸைத் திருகினால்

டயோடின் வாய் சதுரமில்லை. ஒரு பக்கம் 1 மைக்ரோமீட்டர், மறுபக்கம் அதைப்போல் பல மடங்கு. ஒளிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: எவ்வளவு ஒடுங்கிய வழியில் வருகிறதோ அவ்வளவு அகலமாக விரியும். ஆகவே லென்ஸ் இல்லாத டயோடிலிருந்து வருவது கதிரே இல்லை, நீள்வட்டமாகப் பரவும் விசிறி. லென்ஸ்தான் அதை மடக்கி நேராக்குகிறது.

வாட் கூடிய நீல டயோடுகளில் வாயை அகலப்படுத்தித்தான் சக்தியைக் கூட்டுகிறார்கள். அதனால் அந்தப் பக்கத்து ஒளி ஒழுங்காக நேராக மறுக்கிறது. பக்கத்தில் பார்த்தால் புள்ளி, அறையின் மறுகோடியில் பார்த்தால் கட்டைக் கோடு. உருளை வடிவ லென்ஸ்கள் இரண்டைச் சேர்த்து அதைச் சரிசெய்வார்கள். கதிர் எவ்வளவு விரிகிறது என்பதை மில்லிரேடியன் என்ற அளவில் சொல்வது வழக்கம். 1 மில்லிரேடியன் என்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீட்டர் அகலம். நல்ல கதிரின் தகுதியை வாட்டைவிட இந்த எண்தான் சொல்லும். விளம்பரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுவே.

லென்ஸின் வேலையைப் பார்க்க அதிக சக்தி வேண்டியதில்லை. 1 மில்லிவாட் சிவப்பு லேசர் மாட்யூல் (டயோடு, டிரைவர், லென்ஸ் சேர்ந்த சிறு குழாய்) ஒன்றை மேசையில் அசையாமல் பொருத்தி, சொரசொரப்பான வெள்ளைச் சுவரைப் பார்க்கவைத்து, முன்னாலுள்ள வளையத்தைத் திருகுங்கள். முதலில் நீண்ட சிவப்புத் தீற்றல், பிறகு அரிசி வடிவம், பிறகு ஒரு துளி, மறுபடி தீற்றல். தீற்றலாக இருக்கும்போது உற்றுப்பார்த்தால் அதற்குள் மணல் மணலாக ஏதோ மினுங்கும். சுவரில் மணல் கிடையாது. சுவரின் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உங்கள் விழித்திரையில் போடும் கோலம் அது. தலையைப் பக்கவாட்டில் அசையுங்கள். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அந்த மணல் தலைக்கு எதிர்த்திசையில் ஓடும். தூரப்பார்வை உள்ளவருக்குத் தலையோடு சேர்ந்து ஓடும். வீட்டில் இருக்கும் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சோதிக்கலாம். பாட்டிக்கும் பேரனுக்கும் வெவ்வேறு திசை வந்தால் ஒரே சிரிப்புதான்.

கண்

இனி நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி.

நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், நேரான கதிர் எதுவாக இருந்தாலும் அதை விழித்திரையில் ஒரே புள்ளியாகக் குவித்துவிடும். இருட்டில் விரிந்த கண்மணி 7 மில்லிமீட்டர் அகலம். விழித்திரையில் விழும் புள்ளியோ 0.02 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கக்கூடும். விட்டத்தில் 350 மடங்கு, பரப்பில் 1,20,000 மடங்கு. பலூனை வெடிக்க நாம் லென்ஸைத் திருகிப் பாடுபட்டோமே, கண் அந்த வேலையைத் தானாகவே, அதைவிட நன்றாகச் செய்துவிடுகிறது.

சூரியனை நேரே பார்த்தால் கண் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். சூரியன் நம் விழித்திரையில் 0.16 மில்லிமீட்டர் வட்டமாக விழுகிறது. வெறும் 1 மில்லிவாட் லேசர் 0.02 மில்லிமீட்டரில் விழுகிறது. தோராயமாகக் கணக்கிட்டால் அந்த ஒரு மில்லிவாட்டே, அது விழும் இடத்தில், சூரியனைப்போல் 20 மடங்கு செறிவு. அப்படியும் 1 மில்லிவாட்டைப் பாதுகாப்பானது என்று ஏன் சொல்கிறார்கள்? புள்ளி மிகச் சிறியது என்பதால் சூடு பக்கத்துத் திசுக்களுக்கு எளிதில் பரவிவிடும். அதோடு, பளிச்சென்று பட்டதும் கால் விநாடிக்குள் நாம் இமையை மூடித் தலையைத் திருப்பிவிடுவோம். உலக அளவில் லேசர்களை வகுப்பு பிரிக்கும் தரநிலை இந்தக் கால் விநாடியை நம்பித்தான் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2, 5 மில்லிவாட் வரை 3ஆர், 500 மில்லிவாட் வரை 3பி, அதற்குமேல் எல்லாம் வகுப்பு 4. நான்குக்கு மேல் எந்த வகுப்பும் கிடையாது. 1 வாட் காணொளி லேசரும் தொழிற்சாலையில் இரும்பை அறுக்கும் லேசரும் ஒரே வகுப்பு.

1 வாட்டில் கால் விநாடி என்பது மிக நீண்ட நேரம். இமை அசையத் தொடங்குவதற்குள் வேலை முடிந்திருக்கும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. ஆகவே பட்டவருக்கு ஒரு மின்னல் தெரியும், பிறகு பார்க்கும் இடத்திலெல்லாம் ஒரு கரும்புள்ளி. நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ அது விழும் இடம்தான் விழித்திரையின் நடுக்குழி. லேசர் புள்ளியை உற்றுப் பார்க்கும்போது கெடுவதும் அதுதான். எழுத்து வாசிப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அந்தக் குழியின் வேலை. அங்கே செத்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

'நான் நேரே பார்க்க மாட்டேனே' என்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையை ஒருமுறை சுற்றிப்பாருங்கள். பளபளக்கும் தரை ஓடு, சன்னல் கண்ணாடி, டிவி திரை, சாமி படத்தின் சட்டம், குத்துவிளக்கு, அடுக்களையில் எவர்சில்வர் தொட்டி. கதிர் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கண்ணாடி ஒரு பரப்புக்கு 4 சதவீதத்தைத் திருப்பும். 1 வாட்டில் 4 சதவீதம் என்றால் 40 மில்லிவாட். பாதுகாப்பான எல்லையைப்போல் 40 மடங்கு. வகுப்பு 4-ல் வெறும் சுண்ணாம்புச் சுவரில் விழுந்து சிதறும் ஒளியே கிட்டே நின்று பார்ப்பவருக்கு ஆபத்தாகலாம். கைக்குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிறமும் ஏமாற்றும். ஒரே சக்தியில் 532 நானோமீட்டர் பச்சை, 445 நீலத்தைவிட ஏறத்தாழ 30 மடங்கு பிரகாசமாகத் தெரியும். பச்சையைப் பார்த்துப் பழகியவர் நீலத்தை மங்கல் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போவார். 405 ஊதா இன்னும் மோசம், கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. விழித்திரைக்குப் போகும் ஆற்றல் மட்டும் அதேதான். மலிவான பச்சை பாயிண்டர்களுக்கு இன்னொரு கதை உண்டு. அவற்றில் பல நேரே பச்சையைத் தருவதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைக் கிளப்பி 1064 ஆக்கி, இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 தருகிறது. கடைசியில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தரநிலைக் கழகமான நிஸ்ட் 2010-ல் சோதித்த ஒரு பாயிண்டர் பச்சையைவிட அதிகமாக அகச்சிவப்பைக் கக்கியது. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது. அதே கழகம் 2013-ல் 122 பாயிண்டர்களைச் சோதித்தபோது பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்த நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே குழாயில் ஒட்டியிருக்கும் 5 மில்லிவாட் லேபிளை நம்பி யாரிடமும் விளையாட வேண்டாம்.

பாதுகாப்புக் கண்ணாடி வாங்கும்போது அதன் நிறத்தைப் பார்க்காமல், எந்த நானோமீட்டருக்கு எவ்வளவு ஒளியடர்த்தி என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஒளியடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீலத்தைத் தடுப்பது பச்சையையும் தடுக்கும் என்பதில்லை. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி எதையும் போதிய அளவு தடுக்காது. அதோடு ஒன்று: கண்ணாடி போட்டிருப்பவர் ஒருவர்தான், அறையில் இருப்பவர்களும் எதிர் புளோக்கில் துணி காயப்போடுபவரும் போட்டிருக்கவில்லை. 1 வாட், 1 மில்லிரேடியன் கதிர் கண்ணைக் கெடுக்கும் தூரம் 200 மீட்டருக்கும் மேல். நம் ஊரில் சன்னலைத் திறந்தால் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடு என்று எண்ணிப்பாருங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

சிங்கப்பூரில் இது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு. கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம் எக்ஸ்ரே போன்றவற்றோடு நிற்பதில்லை. அதன் கீழ் வரும் விதிகளில் 3பி, 4 வகுப்பு லேசர்களும் அடங்கும். உரிமம் இல்லாமல் அவற்றைத் தயாரிக்கவோ வைத்திருக்கவோ வரவழைக்கவோ கூடாது. இணையத்தில் ஆர்டர் போட்ட பார்சலும் இறக்குமதிதான். 'நானே செய்தேன், விற்கவில்லை' என்பதும் செல்லாது. செய்வதே தயாரிப்பு. விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் வாங்குவதற்கு முன் வாரியத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வானத்தைப் பார்த்து அடிப்பது தனிக் குற்றம். கிழக்கே சாங்கி, நடுவே பாய லேபார் விமானத் தளம், வடக்கே செலேத்தார், செம்பவாங். கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்கூடத் தேறாத ஊரில் விமானப் பாதைக்குக் கீழே வராத புளோக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கண் கெடும் தூரம் சில நூறு மீட்டரோடு முடிந்தாலும், இரவில் பச்சைக் கதிர் விமானியின் கண்ணைக் கூசவைக்கும் தூரம் பல கிலோமீட்டர். தரையிறங்கும் நேரத்தில் விமானி அறையின் கண்ணாடி அந்த ஒளியை வாங்கி முழுக்கப் பரப்பிவிடும். மரினா பேயில் 'ஸ்பெக்ட்ரா' காட்சியில் லேசர் பாய்கிறதே என்று கேட்கலாம். அதுபோன்ற காட்சிகளில் கதிர் எந்தக் கோணத்தில் போகலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்து, பயிற்சி பெற்றவர்கள் இயக்குகிறார்கள்.

அப்படியானால் அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்? டிரைவர் சர்க்யூட்டைச் செய்யச் சொன்னேன். லேசர் டயோடு இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண டயோடு சிலவற்றையும் ஒரு மின்தடையத்தையும் (ரெசிஸ்டர்) வைத்து, ஆம்பியர் அசையாமல் நிற்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கட்டும். லேசர் செய்பவர்களும் உண்மையான டயோடை மாட்டுவதற்கு முன் இந்தப் போலிச் சுமையில்தான் சோதிப்பார்கள். கஷ்டமான பொறியியல் பாதி அங்கேயே கற்றாகிவிடும். சூட்டுக் கணக்கை அதே சுமையை அலுமினியத்தில் திருகி, வெப்பமானி வைத்துச் சரிபார்க்கலாம். வாட்டில் எரிக்கிற ஆசை தீரவில்லை என்றால், உரிமமும் பயிற்சியும் உள்ள கல்லூரி ஆய்வுக்கூடமோ பட்டறையோதான் இடம்.

ஒளியோடு விளையாட வகுப்பு 2 முத்திரையுள்ள 1 மில்லிவாட் சிவப்பு மாட்யூல் தாராளமாகப் போதும். தலைமுடி ஒன்றை எடுத்துக் கதிரின் குறுக்கே நேராக ஒட்டுங்கள். இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி பக்கவாட்டில் நீண்டு, நடுநடுவே இருள் விழுந்த கோடாக மாறும். இருளுக்கும் இருளுக்கும் இடையே 18 அல்லது 19 மில்லிமீட்டர் இருந்தால் உங்கள் முடி 70 மைக்ரோமீட்டர் தடிமன். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுக்க வேண்டும், அவ்வளவே. முடி மெலியும்போது இடைவெளி அகலும்.

அடுத்து பழைய சிடி ஒன்று. கதிரைச் செங்குத்தாக விழவைத்தால் நடுப்புள்ளி நேரே திரும்பி வரும், அந்தப் பாதையில் முகத்தை வைக்காதீர்கள். பக்கவாட்டில் 24 டிகிரியில் இரண்டு புள்ளிகள் பிரிந்து போகும். சிடியின் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இருப்பதால் வரும் கோணம் அது. டிவிடியில் இடைவெளி 0.74, கோணம் 61 டிகிரி. புளூ-ரேயில் 0.32 மைக்ரோமீட்டர். அங்கே சிவப்புக் கதிர் பிரியவே பிரியாது, வெறும் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பி வரும். சிவப்பின் அலைநீளம் அந்தத் தடத்தைவிட இரண்டு மடங்கு. அந்த வட்டை வாசிக்கத்தான் 405 நானோமீட்டர் டயோடு தேவைப்பட்டது.